போர் தண்ணீரில் புது மீன் தொட்டி: வேலூர்ப் பகுதியில் நைட்ரஜன் சுழற்சியை எப்படி நிலைநிறுத்துவது?

கேள்வி இதுதான். காட்பாடியில் குடியிருக்கும் ஒருவர், இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள புதுத் தொட்டியில் வீட்டுப் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரை நிரப்பி, அன்று மாலையே பத்து கோல்டு ஃபிஷ் குஞ்சுகளை விட்டிருக்கிறார். மூன்றாம் நாள் தண்ணீர் பாலாகக் கலங்கியது. அடுத்த நாளிலிருந்து மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து தவித்து, ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கின. தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கற்களைக் கழுவி, நீல மருந்து விடுமாறு கடையில் சொன்னார்கள். அப்படியே செய்தும் இப்போது மூன்று மீன்களே மிஞ்சியிருக்கின்றன. நம் ஊர் உப்புத் தண்ணீர்தான் காரணமா, கேன் தண்ணீருக்கு மாறிவிடலாமா, மறுபடி மீன் விட எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை வாங்கலாமா என்று அவர் கேட்டிருக்கிறார்.

உங்கள் தண்ணீர் அந்த மீன்களைக் கொல்லவில்லை. மீன்கள் தாமே வெளியேற்றிய அம்மோனியாவை உண்டு செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்தத் தொட்டியில் இன்னும் குடியேறியிருக்கவில்லை என்பதே காரணம். போர் தண்ணீரின் காரத்தன்மையும் நம் ஊர் வெப்பமும் அந்த அம்மோனியாவின் நச்சைக் கூட்டின. அதுவரை தண்ணீருக்கும் பங்குண்டு. ஆனால் அதே தண்ணீரும் அதே வெப்பமும் அந்த நுண்ணுயிர்களை வளர்ப்பதற்கு மிகவும் உகந்தவை. ஆகவே கேன் தண்ணீருக்கு மாற வேண்டாம். மீன் விடும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் உயிரோடிருக்கும் மூன்று மீன்களைக் கவனிப்போம். வாய் அகன்ற பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் முந்தின நாளே பிடித்துவைத்த போர் தண்ணீரை நாற்பது லிட்டர் அளவுக்கு நிரப்பி, ஏர் பம்பை ஓடவிட்டு, மீன்களை அதற்கு மாற்றிவிடுங்கள். அதில் இருபது கிராம் கல் உப்பைக் கரையுங்கள். அதன் பயனைக் கீழே சொல்கிறேன். முதல் இரண்டு நாள் உணவே வேண்டாம். பிறகு நாளுக்கு ஒரு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போடுங்கள். அன்றாடம் பாதித் தண்ணீரை மாற்றி, வெளியே எடுத்த தண்ணீருக்கு ஏற்ற உப்பைப் புதுத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். இது தற்காலிக ஏற்பாடுதான் என்றாலும், கண்ணாடித் தொட்டி தயாராகும் வரை அந்த மீன்களைக் காப்பாற்ற இது போதும்.

இனி, நடந்தது என்ன என்று பார்ப்போம். மீன் தின்னும் புரதத்தில் உள்ள நைட்ரஜனின் பெரும்பகுதி, செவுள் வழியாக அம்மோனியாவாகவே நீரில் கலக்கிறது. கழிவும் தின்னாமல் விட்ட உணவும் அழுகி அதைக் கூட்டுகின்றன. மீன் பண்ணைகளில் பயன்படும் கணக்கின்படி, 35 சதவீதம் புரதமுள்ள உணவு ஒரு கிராமுக்குச் சுமார் 32 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன், அதாவது அம்மோனியா வடிவில் உள்ள நைட்ரஜன், வெளிப்படும். உங்கள் தொட்டியில் கற்கள் போக ஐம்பது லிட்டர் தண்ணீர் இருக்கும் என்று கொண்டால், நாளுக்கு ஒரு கிராம் உணவு போட்டாலே லிட்டருக்கு 0.6 மில்லிகிராமுக்கு மேல் சேரும். நான்கு நாளில் அது இரண்டரை மில்லிகிராமைத் தாண்டும். நான்காம் நாளில் மீன்கள் தவிக்கத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாம் நாள் ஏற்பட்ட பால் கலங்கல் வேறு வகை. அது கரிமக் கழிவை உண்ணும் பாக்டீரியாக்களின் திடீர்ப் பெருக்கம். அவை அரை மணி நேரத்தில்கூட இரட்டிப்பாகும், சில நாளில் தாமாகவே அடங்கும். அம்மோனியாவை உண்ணும், நமக்கு வேண்டிய பாக்டீரியாக்களோ மெதுவாக வளர்பவை. சூழல் நன்றாக இருந்தாலும் அவை இரட்டிப்பாகப் பல மணி நேரம் முதல் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். கலங்கலைக் கண்டு தொட்டியைக் காலி செய்து கழுவுகிறவர், அப்போதுதான் ஒட்டத் தொடங்கிய அந்தச் சில உயிர்களையும் கழுவி விடுகிறார். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவும் வழக்கம் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது; மீன் வளர்ப்பில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். அன்போடும் உழைப்போடும் செய்கிற அந்த வேலையே மீனுக்கு எதிராகப் போய்விடுகிறது.

அம்மோனியாவை நுண்ணுயிர்கள் படிப்படியாக மாற்றுவதைத்தான் நைட்ரஜன் சுழற்சி என்கிறோம். அதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் நைட்ரோசோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்களும், ஆர்க்கியா எனப்படும் வேறொரு நுண்ணுயிர்க் குழுவும் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அடுத்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் வருகின்றன. இந்த உயிர்களைச் செர்கை வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிவியலாளர் 1890 வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டினார். இரண்டாம் கட்ட வேலையை நைட்ரோபாக்டர் செய்கிறது என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். நன்னீர் மீன் தொட்டிகளில் அதைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்பது 1998இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே செய்யும் நைட்ரோஸ்பைரா இனங்களும் உண்டு என்பது 2015இல் வெளிப்பட்டது. அவற்றுள் ஒன்று மீன் வளர்ப்பு அமைப்பின் ஃபில்டரிலிருந்தே கிடைத்தது. இவை எல்லாம் தண்ணீரில் மிதந்து திரிவதைவிட ஸ்பாஞ்சு, பீங்கான் வளையம், கற்கள், கண்ணாடி ஆகியவற்றின் மேல் மெல்லிய வழவழப்பான படலமாக ஒட்டியே வாழ்கின்றன. ஆகவே பழைய தொட்டியின் தண்ணீரை ஊற்றுவதால் சுழற்சி வராது. பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைக் கொண்டுவந்தால் வரும்.

இப்போது நம் ஊர்த் தண்ணீருக்கு வருகிறேன். பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கங்களில் தோல் பதனிடும் தொழிலின் கழிவு சேர்ந்த கதை 1996ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. ஒரு தெருவின் போர் தண்ணீருக்கும் அடுத்த தெருவின் போர் தண்ணீருக்குமே வேறுபாடு இருக்கலாம் என்பதால், அண்டை வீட்டார் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல் உங்கள் தண்ணீரை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். சோதிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. குழாயிலிருந்து பிடித்தவுடன் போர் தண்ணீரில் கரியமில வாயு மிகுதியாகவும் ஆக்சிஜன் குறைவாகவும் இருப்பதுண்டு. அப்போது பி.ஹெச். (அமில, கார நிலையைக் காட்டும் அளவு) 7 அருகே காட்டும் தண்ணீர், ஒரு இரவு ஏர் பம்பு ஓடி அந்த வாயு வெளியேறிய பிறகு 8ஐத் தாண்டக்கூடும். தொட்டியில் மீன் வாழப்போவது அந்த இரண்டாவது தண்ணீரில்தான். அதன் அளவே உங்களுக்கு வேண்டும்.

பி.ஹெச். ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் என்ற வடிவம் மீனை அதிகம் பாதிப்பதில்லை. கட்டற்ற அம்மோனியா என்ற வடிவம்தான் செவுளுக்குள் எளிதாகப் புகுந்து கொல்லும் நஞ்சு. பி.ஹெச். 7ஆகவும் வெப்பம் 30 டிகிரியாகவும் உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். அதே வெப்பத்தில் பி.ஹெச். 8 ஆனால் அது ஏழரை சதவீதம், 8.2 ஆனால் பதினொரு சதவீதத்துக்கு மேல்; 8.5 ஆனால் ஏறத்தாழ இருபது சதவீதம். மென்மையான நீரும் மிதமான வெப்பமும் உள்ள ஊரில் எழுதிய குறிப்பு, "ஒன்றிரண்டு மீன்களை விட்டே சுழற்சியைத் தொடங்கலாம்" என்று சொல்லலாம். அங்கே தாங்கும் அம்மோனியா அளவு, சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் சித்திரை வைகாசியில் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் நஞ்சாகும். ஆகவே நம் ஊரில் மீன் இல்லாமல் சுழற்சியைத் தொடங்குவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் தண்ணீரின் நன்மையையும் சொல்ல வேண்டும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்றும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறத்தாழ ஏழு மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் கையிருப்பு, செலவாகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் காரத்தன்மை உள்ள போர் தண்ணீர் இந்தச் செலவை எளிதில் தாங்கும். ஆர்.ஓ. கேன் தண்ணீரில் அது 30 மில்லிகிராம்தான் இருக்குமானால், நான்கு மில்லிகிராம் நைட்ரஜன் மாறுவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும், பி.ஹெச். சரிந்து 6 அருகே வரும்போது பாக்டீரியாக்களின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். "கேன் தண்ணீரே ஊற்றினேன், இரண்டு மாதம் ஆகியும் சுழற்சி முடியவில்லை" என்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான். உங்கள் போர் தண்ணீர் குடிக்கவே முடியாத உப்பாக இருந்தால் மட்டும், பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். மாநகராட்சிக் குழாய் நீரைப் பயன்படுத்துவோர் குளோரினை நீக்க வேண்டும். ஒரு நாள் ஏர் பம்பு ஓடவிட்டாலும் போதும், ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் துளிகளை விட்டாலும் போதும். போர் தண்ணீரில், குளோரின் கலந்த தொட்டியிலிருந்து வராதவரை, அந்தக் கவலை இல்லை. நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் அம்மோனியாவை அளக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்; அந்த எண் குறைவாக இருப்பதால் தண்ணீர் மீனுக்கு நல்லது என்று பொருள் இல்லை.

செய்முறைக்கு வருவோம். நீல மருந்து என்று கொடுத்தது மெத்திலீன் புளூவாகத்தான் இருக்கும். பூஞ்சைக்கு அது நல்ல மருந்து. ஆனால் நமக்கு வேண்டிய பாக்டீரியாக்களையும் அது ஒடுக்கிவிடும். எனவே இந்த ஒரு முறை மட்டும் தண்ணீரை முழுவதும் கொட்டி, கற்களையும் ஸ்பாஞ்சையும் நீல நிறம் போகும் வரை சோப்பு இல்லாமல் அலசுங்கள். மூலைகளில் உள்ள சிலிக்கான் பசையில் நீலக் கறை தங்கினால் கவலைப்பட வேண்டாம். புதுப் போர் தண்ணீரை நிரப்பி, ஸ்பாஞ்சு ஃபில்டரையும் ஏர் பம்பையும் இரவு பகலாக ஓடவிடுங்கள். ஒரு நாள் கழித்து பி.ஹெச்., அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் நான்கையும் திரவச் சோதனைக் கிட்டால் அளந்து எழுதிவையுங்கள். வயல்களை ஒட்டிய கிணறுகளிலும் போர்களிலும் நைட்ரேட் முன்பே இருப்பதுண்டு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்சம் லிட்டருக்கு 45 மில்லிகிராம். தொடக்க அளவு தெரியாவிட்டால், பிறகு காணும் நைட்ரேட் சுழற்சியால் வந்ததா, கிணற்றிலிருந்தே வந்ததா என்று புரியாது.

அடுத்து, பாக்டீரியாவுக்கு உணவு வேண்டும். அழுகும் இறாலையோ மீன் தீனியையோ போட்டுவைப்பார்கள். அளவு கையில் நிற்காது, நாற்றமும் வரும். நான் பரிந்துரைப்பது அம்மோனியம் குளோரைடு, அதாவது பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது பயன்படுத்தும் நவச்சாரம். ஆனால் பூச்சு வேலைக்கு விற்கும் நவச்சாரத்தில் வேறு உலோகங்கள் கலந்திருக்கலாம். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கு ரசாயனம் விற்கும் கடையில் ஆய்வகத் தரத்தைக் கேட்டு வாங்குங்கள். பத்து கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, "நச்சு" என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அந்தக் கரைசலின் ஒரு மில்லி லிட்டரில் 6.4 மில்லிகிராம் அளவு அம்மோனியா கிடைக்கும். ஐம்பது லிட்டர் தொட்டியில் பதினாறு மில்லி லிட்டர் விட்டால், லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் வரும்.

இரண்டு போதும், நான்கு, ஐந்து என்று ஏற்ற வேண்டாம். கட்டற்ற அம்மோனியா லிட்டருக்கு 0.1 முதல் 1 மில்லிகிராம் என்ற அளவிலேயே, நைட்ரைட்டை உண்ணும் பாக்டீரியாக்களின் வேலை தடைபடத் தொடங்குகிறது. பி.ஹெச். 8.2 உள்ள நம் தண்ணீரில் ஐந்து மில்லிகிராம் விட்டால் அரை மில்லிகிராமுக்கு மேல் நச்சு வடிவாகி, எந்த உயிரை வளர்க்க முயல்கிறோமோ அதையே அமுக்கிவிடும்.

பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அளந்தால் போதும். முதல் வாரத்தில் பெரும்பாலும் எதுவும் நகராது. அதன் பின் அம்மோனியா இறங்கத் தொடங்கி, நைட்ரைட் தோன்றும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா 2.7 மில்லிகிராம் நைட்ரைட்டாகவும், அது 3.6 மில்லிகிராம் நைட்ரேட்டாகவும் மாறும். ஆகவே அம்மோனியா தீரும்போதெல்லாம் முழு அளவு ஊற்றிக்கொண்டே போனால் நைட்ரைட் மலையாகக் குவியும். நைட்ரைட் சோதனை கிட்டின் கடைசி நிறத்தைத் தொட்டுவிட்டால், அம்மோனியாவைக் கால் அளவாகக் குறைத்து, நாலைந்து நாளுக்கு ஒரு முறை மட்டும் விடுங்கள். தேவைப்பட்டால் பாதித் தண்ணீரை மாற்றிக்கொள்ளுங்கள். பாக்டீரியா ஸ்பாஞ்சில் இருப்பதால் தண்ணீரை மாற்றுவதால் சுழற்சி பின்னடையாது. இந்த நைட்ரைட் கட்டம்தான் நீண்டது. பொறுமை இழந்து பலர் மீன் விடுவதும் இப்போதுதான்.

நைட்ரைட், மீனின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கெடுத்து, செவுளைப் பழுப்பாக்கி, ஆக்சிஜன் நிறைந்த நீரிலேயே மீனை மூச்சுத் திணறச் செய்யும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட்டோடு போட்டியிட்டுச் செவுளுக்குள் அது நுழைவதைத் தடுக்கிறது. உங்கள் மூன்று மீன்கள் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் கல் உப்பு போடச் சொன்னது இதற்காகவே. ஆனால் அம்மோனியாவின் நச்சிலிருந்து உப்பு காப்பாற்றாது. அதற்குத் தண்ணீர் மாற்றுவது ஒன்றே வழி.

நைட்ரைட் ஒரு நாள் சட்டென்று விழும். அப்போது மறுபடி பதினாறு மில்லி லிட்டர் விட்டு, இருபத்துநான்கு மணி நேரம் கழித்து அளந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யமாக இருந்தால் சுழற்சி நிலைபெற்றது என்று கொள்ளலாம். ஒரு முறை வந்ததோடு நிறுத்தாமல், அடுத்த நாளும் அப்படியே வருகிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெப்பத்தில் இதற்கு நான்கு வாரம் அளவு ஆகும். மார்கழி, தையில் இன்னும் ஒன்றிரண்டு வாரம் கூடலாம். ஹீட்டர் வாங்கத் தேவையில்லை.

இந்தக் காலத்தைப் பாதியாகக் குறைக்க ஒரு நல்ல வழி உண்டு. பல மாதமாக நோயில்லாமல் ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, அதே தொட்டி நீரில் நனைத்தபடி, மூடி இறுக்காத டப்பாவில் கொண்டுவந்து, ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் ஃபில்டரில் பொருத்திவிடுங்கள். பாட்டில் பாக்டீரியாவைப் பொறுத்தவரை, நல்லவை உண்டு. ஆனால் நைட்ரஜன் சுழற்சியின் பாக்டீரியாக்கள் வித்து உண்டாக்கி உறங்கக்கூடியவை அல்ல. அக்னி நட்சத்திர வெயிலில் லாரியிலும் கடை அலமாரியிலும் கிடந்த பாட்டிலில் எவ்வளவு உயிர் மிஞ்சியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். கழிவை உண்ணும் வேறு பாக்டீரியாக்களை அடைத்து இதே பெயரில் விற்பதும் உண்டு. அந்தப் பணத்துக்குச் சோதனைக் கிட் வாங்குவது மேல்.

சுழற்சி நிலைபெற்றதும் நைட்ரேட்டைக் குறைக்கப் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றிவிட்டு, மீன்களை விடலாம். அந்த மூன்று கோல்டு ஃபிஷ்களை இதே தொட்டிக்குக் கொண்டுவரலாம், ஆனால் அவை வளரும்போது இரண்டடித் தொட்டி அவற்றுக்குப் போதாது. பெரிய சிமென்ட் தொட்டி வைத்திருப்பவருக்குப் பின்னர் கொடுத்துவிட்டு, கப்பி, மோலி, பிளாட்டி போன்ற கடின நீரை விரும்பும் மீன்களை வளர்ப்பது உங்கள் தண்ணீருக்குப் பொருந்தும். ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்ற செடிகளும் இந்த நீரில் நன்றாக வளர்ந்து, அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சிக்கொள்ளும்.

பராமரிப்பு எளியது. வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். ஓட்டம் குறைந்தால் மட்டும் ஸ்பாஞ்சை எடுத்து, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து திருப்பி வையுங்கள். குளோரின் உள்ள குழாய்க்கு அடியில் பிழிய வேண்டாம். மீனுக்கு நோய் வந்தால் வேறொரு சிறு தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள்.

கோடையில் மின்தடைக்குத் தயாராக இருப்பது அவசியம். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற இந்தப் பாக்டீரியாக்களுக்கு நாலரை மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும்; 30 டிகிரி நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். ஸ்பாஞ்சு ஃபில்டர் திறந்த நீரில் இருப்பதால் சில மணி நேரம் தாங்கும்; பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று இருந்தால் கவலையே இல்லை. மூடிய பெட்டி வகை ஃபில்டர் வைத்திருப்பவர்கள், மின்சாரம் போய்ப் பல மணி நேரம் ஆகிவிட்டால், உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியே கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டி நீரில் ஒரு முறை அலசிய பிறகே மோட்டாரை ஓடவிட வேண்டும்; இல்லையென்றால் அந்த ஆக்சிஜனற்ற கழிவுநீர் முழுவதும் ஒரே நேரத்தில் மீன்களிடம் வந்து சேரும்.